திருகோணமலை இருக்க, கொழும்புக்காக ஏன் இத்தனை போர்?

வெள்ளவத்தை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். கொழும்பில் தமிழ்மொழி மூலம் தரம் 10, 11 மாணவர்களுக்கு வரலாறு கற்பித்து வருகிறேன். சென்ற வாரம் ஒல்லாந்தரின் வருகை பற்றிய பாடத்தை நடத்திக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் அமர்ந்திருக்கும் ஒரு மாணவி எழுந்து, "ரீச்சர், திருகோணமலை உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று புவியியலில் படித்தோம். அப்படியானால் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் அதை விட்டுவிட்டு ஏன் கொழும்புக்காக மாதக்கணக்கில் போரிட்டார்கள்?" என்று கேட்டாள். கறுவா என்று ஒரே சொல்லில் பதில் கூறிவிட்டேன். பதில் தவறில்லை; ஆனாலும் அவள் முகத்தில் நிறைவு தெரியவில்லை, எனக்கும் நிறைவில்லை.

அதோடு சேர்ந்து இன்னொரு கேள்வியும் எழுந்தது. கண்டியரசன் இரண்டாம் இராஜசிங்கன் 1638ஆம் ஆண்டில் ஒல்லாந்தரோடு செய்துகொண்ட கூட்டை, 'அரசன் ஏமாற்றப்பட்டான்' என்ற அளவோடு முடித்துவிடுகிறோம். ஒரு கூட்டு எந்த இடத்தில் முறிந்தது, அது முறியும் என்று முன்கூட்டியே அறிந்திருக்க முடியுமா என்பதை மாணவருக்கு எவ்வாறு விளக்கலாம்? அடுத்த பாடவேளைக்கு முன் உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.


கொட்டாஞ்சேனை மூத்தவர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நான் துறைமுகப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன்; பணிக்காலத்தில் நான்கு ஆண்டுகள் திருகோணமலையில் இருந்தேன். ஆகவே முதற் கேள்விக்கு மட்டும் எனக்குத் தெரிந்த அளவில் பதில் தருகிறேன்.

மார்கழி மாதத்தில் வெளிக்குடாவில் படகில் சென்றால் நின்றுகொண்டிருக்க முடியாது. வாடைக்காற்று நுரையை வாரி முகத்தில் அடிக்கும். அதே படகு ஒஸ்ரன்பேர்க் முனையைச் சுற்றி உள்துறைமுகத்துக்குள் திரும்பியதும் ஆட்டம் சட்டென்று அடங்கிவிடும். பலகையின் மேல் வைத்த தேநீர்க் கோப்பை வைத்த இடத்திலேயே இருக்கும். பெரிய கப்பல்கள் கரையை அணுகி நிற்கும் அளவுக்கு அங்கே ஆழமும் உண்டு. பாய்மரக் கப்பல்களின் காலத்தில் இதன் பெறுமதி என்ன என்பதை அறிய வேண்டுமானால், வங்காள விரிகுடாவின் எதிர்க்கரையைப் பார்க்க வேண்டும். ஆங்கிலேயரின் சென்னைக்கும் பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரிக்கும் அன்று துறைமுகம் என்று சொல்லத்தக்க ஒன்று இருக்கவில்லை. திறந்த கடலில் நங்கூரமிட்டு, சிறு படகுகளில் பொருளையும் ஆளையும் கரை சேர்த்தார்கள். ஐப்பசியில் வடகீழ்ப் பருவக்காற்று தொடங்கும்போது போர்க்கப்பல்கள் அந்தக் கரையில் நிற்க முடியாமல், பழுது பார்ப்பதற்காகத் தென்முனையைச் சுற்றிப் பம்பாய் வரை போக வேண்டியிருந்தது. அவை மீண்டு வரும் வரை சோழமண்டலக் கரை காவலின்றிக் கிடக்கும். அந்த மாதங்களில் விரிகுடாவின் பக்கத்திலேயே கப்பற்படையை நிறுத்தி வைக்கக்கூடிய இடம் திருகோணமலைதான்.

இதனால்தான் 1782ஆம் ஆண்டு ஒன்றிலேயே அது இருமுறை கைமாறியது. சனவரியில் ஆங்கிலத் தளபதி ஹியூஸ் அதை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினார்; ஓகஸ்ட் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேன் அதை ஆங்கிலேயரிடமிருந்து பறித்தார். ஹியூஸ் தம் கப்பல்களோடு வந்து சேர்ந்தபோது கோட்டையில் பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்தது. செப்டெம்பர் 3ஆம் திகதி துறைமுகத்துக்கு வெளியே நடந்த கடற்போரில் இரு தரப்பும் கடும் சேதம் அடைந்தும், திருகோணமலை பிரெஞ்சுக்காரரிடமே இருந்தது. ஹியூஸுக்குப் பம்பாய்க்குப் போவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

இனி, இத்தனை அருமையான இடம் ஏன் இவ்வளவு எளிதாக விழுந்தது என்று உங்கள் மாணவி கேட்பாள்; கேட்க வேண்டும். அதற்குக் காரணம் துறைமுகத்தின் பின்புறத்தில் இருக்கிறது. அன்று அதைச் சூழ்ந்திருந்தது பெரும்பாலும் காடு. குடிமக்கள் குறைவு, விளைச்சல் குறைவு, காய்ச்சல் மிகுதி. கோட்டைக் காவலரின் சோற்றுக்கு அரிசியும், பீரங்கிக்கு வெடிமருந்தும் கடல் வழியாகவே வந்தன. கொழும்பிலிருந்து தரைவழியாக உதவி வருவதற்குள் காரியம் முடிந்துவிடும். ஆக, சுற்றியுள்ள கடல் எவர் கையில் இருக்கிறதோ அவர் சில நாட்களில் அதை எடுத்துக்கொள்ளலாம். 1795ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் ஆங்கிலேயர் மறுபடியும் வந்தபோது நடந்ததும் அதுவே: கோணேசர் மலையடியில் உள்ள கோட்டை முதலில் பணிந்தது, உள்துறைமுகத்தின் வாசலைக் காக்கும் ஒஸ்ரன்பேர்க் அடுத்த சில நாட்களில் பணிந்தது.

கொழும்பு இதற்கு நேர்மாறு. 1875இல் அலைதடுப்புச் சுவர் கட்டத் தொடங்கும் வரை, தென்மேற்குப் பருவக்காற்றில் கொழும்புத் துறையில் கப்பல் நிற்பது பெரும் சிரமம். துறையாகப் பார்த்தால் அது திருகோணமலைக்குக் கால்தூசு. ஆனால் அதன் முதுகுப் பக்கத்தில் கறுவாக் காடும், நெல் வயலும், வரி செலுத்தும் கிராமங்களும், களனி ஆறும், கண்டிக்குப் போகும் பாதையும் இருந்தன. கப்பல்களைக் காப்பாற்ற நினைத்தவன் திருகோணமலையைத் தேடினான். நாட்டை ஆண்டு வருமானம் எடுக்க நினைத்தவன் கொழும்பைத் தேடினான். உங்கள் 'கறுவா' என்ற பதிலோடு இதையும் சேர்த்துக் கூறினால் மாணவிக்கு நிறைவாகும் என்று நம்புகிறேன்.


சுவடி வாசகர்

மூத்தவர் ஐயா கூறியதை நான் முழுமையாக ஏற்கிறேன். 1638ஆம் ஆண்டின் உடன்படிக்கையைப் படிப்பதற்கும் அதுவே திறவுகோல். ஆசிரியையின் இரண்டாம் கேள்விக்கு வருகிறேன்.

முதலில், இராஜசிங்கன் ஏன் கூட்டுத் தேடினான் என்பதைத் தெளிவுபடுத்த வேண்டும். அவன் தரையில் பலவீனமானவன் அல்லன். 1638ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் திகதி கன்னொருவையில் போர்த்துக்கேயத் தளபதி டியோகோ டி மெலோவின் படையை அவன் ஏறத்தாழ முழுவதுமாக அழித்தான். தளபதியும் அங்கேயே மாண்டார். அவனுக்கு இல்லாதது கடல். அவனுக்கு அரை நூற்றாண்டுக்கு முன், 1587இல், சீதாவக்கையின் முதலாம் இராஜசிங்கன் பெரும் படையோடு கொழும்பைச் சூழ்ந்து, மறு ஆண்டு வரை முற்றுகையிட்டும் அதைக் கைப்பற்ற முடியவில்லை. நிலப்பக்கம் முழுவதும் அடைபட்டிருந்தும், கடற்பக்கமாக ஆட்களும் உணவும் வந்துகொண்டிருந்தன. கடல் திறந்திருக்கும் வரை கொழும்பைப் பட்டினி போட இயலாது என்பது இலங்கை மன்னர்கள் தம் அனுபவத்தால் அறிந்த பாடம். ஆகவே, கன்னொருவை வெற்றிக்குப் பின்னும் இராஜசிங்கன் ஒல்லாந்தரின் கப்பல்களையும் பீரங்கிகளையும் நாடியதில் ஏமாளித்தனம் எதுவும் இல்லை. இதை மாணவருக்கு அழுத்திச் சொல்ல வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

அந்த ஆண்டு மே மாதத்தில் ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்ட் மட்டக்களப்புக்கு வந்து, புளியந்தீவில் இருந்த போர்த்துக்கேயர் கோட்டையை அரசனின் படையோடு சேர்ந்து கைப்பற்றினார். 23ஆம் திகதி அங்கேயே உடன்படிக்கை கைச்சாத்தானது. போர்ச் செலவை அரசன் கறுவா, மிளகு, மெழுகு போன்ற பொருட்களாகத் திருப்பித் தர வேண்டும். யானை தவிர்ந்த ஏனைய வணிகம் ஒல்லாந்தக் கம்பனிக்கே உரியது. கைப்பற்றப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தர் காவற்படை வைப்பது பற்றிய மூன்றாம் பிரிவில்தான் முடிச்சு விழுந்தது. 'அரசன் விரும்பினால்' என்ற பொருள் தரும் சொற்கள் அரசனிடம் இருந்த படியில் இருந்தன; ஒல்லாந்த மொழிப் படியில் அவை இல்லை. ஒரே ஒப்பந்தத்தின் இரண்டு படிகளுக்கு இடையே இருந்த அந்தச் சில சொற்களின் இடைவெளியில்தான் அடுத்த இருபது ஆண்டுகளின் பிணக்கு முழுவதும் குடியிருந்தது.

ஆனால் சொற்களை மட்டும் பார்த்தால் போதாது. எந்தக் கோட்டையைக் கொடுத்தார்கள், எதை வைத்துக்கொண்டார்கள் என்று பாருங்கள். மட்டக்களப்பும், 1639இல் பிடித்த திருகோணமலையும் அரசனிடம் கையளிக்கப்பட்டன. 1640இல் பிடித்த நீர்கொழும்பையும் காலியையும் ஒல்லாந்தர் கொடுக்கவில்லை. போர்ச் செலவு இன்னும் தீர்க்கப்படவில்லை என்று காரணம் கூறினார்கள். சிறந்த துறைமுகத்தைக் கொடுத்துவிட்டு, கறுவா நிலத்தின் வாசல்களைத் தம்மிடம் வைத்துக்கொண்டார்கள். மூத்தவர் ஐயா விளக்கிய வேறுபாடு இங்கே கணக்குப் புத்தகமாகவே நம் முன் விரிகிறது. கூட்டாளியின் உள்ளக்கிடக்கையை அறிய அரசனுக்கு 1640ஆம் ஆண்டே போதுமான சான்று கிடைத்துவிட்டது.

அதே ஆண்டின் இறுதியில் ஐரோப்பாவில் இன்னொன்று நடந்தது. ஸ்பெயினின் முடியாட்சியிலிருந்து போர்த்துக்கல் பிரிந்தது. ஸ்பெயினோடு போரிட்டுக்கொண்டிருந்த ஒல்லாந்தருக்கு இப்போது போர்த்துக்கல் வேண்டப்பட்ட நாடாயிற்று. 1641இல் பத்தாண்டுப் போர் ஓய்வு உடன்பாடு எழுதப்பட்டது. அது இலங்கைக்கு வந்து சேரச் சில ஆண்டுகள் பிடித்தன என்றாலும், வந்து சேர்ந்ததும் கண்டியரசனின் கூட்டாளி அவனுடைய பகைவனோடு சமாதானம் செய்துகொண்டு, கறுவா நிலங்களைப் பங்கிட்டுக்கொண்டான். இந்த முடிவில் அரசனுக்கு எந்தப் பங்கும் இருக்கவில்லை. 1652இல் ஓய்வு முடிந்து போர் மீண்டும் தொடங்கிய பின்னரே அவன் மறுபடியும் தேவைப்பட்டான்.

1655ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கொழும்பு முற்றுகை தொடங்கியது. இம்முறை கடலும் அடைபட்டது. கோட்டைக்குள் பட்டினியும் நோயும் பரவின. முற்றுகையை நடத்திய ஒல்லாந்தத் தளபதி ஹுல்ஃப்ட் அரசனை நேரில் கண்டு பேசித் திரும்பிய சில நாட்களில், ஏப்ரல் 10ஆம் திகதி, சுடப்பட்டு இறந்தார். 1656 மே 12ஆம் திகதி போர்த்துக்கேயர் பணிந்தனர். சரணடைவு ஒல்லாந்தரிடமே நடந்தது. ஏழு மாதங்கள் ஆட்களும் உணவும் தந்து முற்றுகையைத் தாங்கிய கண்டிப் படைக்குக் கோட்டை வாசல் அடைக்கப்பட்டது. அரசன் கொழும்பைச் சூழ்ந்த ஊர்களைப் பாழாக்கி, குடிகளையும் அழைத்துக்கொண்டு மலைநாட்டுக்குத் திரும்பினான். 'இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கியது போல' என்று சிங்களத்தில் இன்றும் வழங்கும் பழமொழி இதைக் குறித்தே என்பார்கள்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நகரைக் காலியாக விட்டுப் போவதும் ஒரு போர்முறையே. சுற்றுவட்டத்தில் உழுபவனும் கறுவா உரிப்பவனும் இல்லாத கொழும்பு எவருக்கும் வருமானம் தராது. கோட்டையை இழந்த அரசன், அதன் பெறுமதியில் ஒரு பகுதியைக் கையோடு எடுத்துச் சென்றான் என்றே நான் வாசிக்கிறேன்.


வெள்ளவத்தை ஆசிரியை

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கோட்டைகளில் எதைக் கொடுத்தார்கள், எதை வைத்துக்கொண்டார்கள் என்ற பகுதியை வரைபடத்தில் இரு நிறங்களால் குறித்துக் காட்ட எண்ணியுள்ளேன். ஒன்று மட்டும் கேட்க வேண்டும். கப்பல்கள் நீராவிக்கும் எண்ணெய்க்கும் மாறி, வானூர்தியும் வந்த பின், மூத்தவர் ஐயா கூறிய அந்த வேறுபாடு பொருந்துமா? இரண்டாம் உலகப் போரில் கொழும்பு, திருகோணமலை இரண்டும் தாக்கப்பட்டனவே.


புளியந்தீவான்

நான் மட்டக்களப்பைச் சேர்ந்தவன். தொழில் நிமித்தம் கொழும்பில் வசிக்கிறேன். என் பாட்டனார் 1942ஆம் ஆண்டு சித்திரை மாதத்தில் கடற்கரையில் நின்று, கிழக்கே கரும்புகை எழுந்ததைக் கண்டதாகவும், இடி முழக்கம் என்று எண்ணி வானத்தைப் பார்த்தால் மேகமே இல்லை என்றும் பலமுறை கூறியிருக்கிறார். அது ஏப்ரல் 9ஆம் திகதி. பிரித்தானிய வானூர்தி தாங்கிக் கப்பலான ஹேர்மிஸும், அதற்குத் துணையாக வந்த அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வம்பயரும் எங்கள் கரைக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்ட நாள். ஹேர்மிஸில் 300க்கும் மேற்பட்டோர் இறந்தனர். தப்பியவர்களில் பெரும்பாலானோரை வீற்றா என்ற மருத்துவக் கப்பல் மீட்டது. இதை ஆசிரியையின் கேள்வியோடு இணைத்துப் பார்க்கிறேன்.

சிங்கப்பூர் பெப்ரவரி 15ஆம் திகதியும், யாவா மார்ச் தொடக்கத்திலும் விழுந்தன. அதன்பின் எகிப்துக்கும் இந்தியாவுக்கும் செல்லும் கப்பல் பாதைகளையும், பாரசீக வளைகுடாவிலிருந்து வரும் எண்ணெயையும் காக்கும் இடமாக இலங்கை எஞ்சியது. மலாயாவை இழந்த நேச நாடுகளுக்கு இறப்பர் தரும் முதன்மையான நாடும் இதுவே. அந்த வாரங்களில் இத்தீவில் கூடியிருந்தவர்களைப் பாருங்கள்: மத்திய கிழக்கிலிருந்து நாடு திரும்பும் வழியில் இங்கே நிறுத்தப்பட்ட இரு அவுஸ்திரேலியப் படைப்பிரிவுகள், கிழக்காபிரிக்கப் படையினர், இந்தியப் படையினர், யாவாவிலிருந்து தப்பிக் கொழும்பு வந்த ஒல்லாந்தக் கடற்படைத் தளபதி ஹெல்ஃபிரிக். ஏப்ரல் 4ஆம் திகதி ஜப்பானியக் கப்பல்களைக் கண்டு செய்தி அனுப்பிய கற்றலினா வானூர்தியின் தலைவர் பேர்ச்சோல் கனடியர். 1796இல் கொழும்பைப் பறிகொடுத்த ஒல்லாந்தர், தம் குடியேற்ற நாட்டை இழந்து, அதே கொழும்பில் பிரித்தானியரின் கூட்டாளியாக வந்து நின்றதை நான் நினைக்கும் போதெல்லாம் வியப்படைகிறேன்.

பேர்ச்சோல் தந்த எச்சரிக்கையால் கொழும்புத் துறைமுகத்திலிருந்த கப்பல்கள் பல முன்கூட்டியே வெளியேற்றப்பட்டன. மறுநாள், ஈஸ்டர் ஞாயிறு காலையில், குண்டுகள் விழுந்தன. இரத்மலானையிலிருந்தும், குதிரைப் பந்தயத் திடலில் அமைத்திருந்த ஓடுபாதையிலிருந்தும் ஹரிக்கேன் வானூர்திகள் எழுந்தன. அந்த ஓடுபாதை இருந்ததை ஜப்பானியர் அறிந்திருக்கவில்லை. ஆயினும் அன்றே டோர்செட்ஷயர், கோர்ன்வோல் என்ற இரு பிரித்தானியப் போர்க்கப்பல்களைத் தெற்குக் கடலில் கண்டு மூழ்கடித்தார்கள். 400க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பிரித்தானியத் தளபதி சொமர்வில்லின் முதன்மைக் கப்பல்கள் கொழும்பிலும் இல்லை, திருகோணமலையிலும் இல்லை. மாலைதீவின் அட்டு தீவுக்கூட்டத்தில் இரகசியமாக நிறுத்தப்பட்டிருந்தன. தாக்குதலின் பின் அவற்றில் பெரும்பகுதி ஆபிரிக்கக் கரையின் கிலிண்டினிக்கே பின்வாங்கியது. அதாவது, சீனன்குடாவில் நிரை நிரையாக எண்ணெய்த் தாங்கிகளைக் கட்டி வைத்திருந்தும், வானத்தைக் காக்க இயலாதபோது திருகோணமலையில் கப்பற்படை தங்க முடியவில்லை. ஆகவே ஐயா கூறியது அப்போதும் பொருந்தியது. கடலோடு வானமும் சேர்ந்துகொண்டது என்பதே வேறுபாடு.

கூட்டு என்ற பக்கத்திலும் ஒன்று. ஜேர்மனியும் இத்தாலியும் ஜப்பானும் 1942 சனவரியில் தமக்குள் எழுதிக்கொண்ட உடன்பாட்டில், கிழக்கு நெடுங்கோடு 70 பாகையை எல்லையாக வைத்து உலகைப் பங்கிட்டன. இலங்கை ஜப்பானின் பங்கில் இருந்தது. ஜப்பானியக் கடற்படையில் சிலர் இத்தீவைப் பிடிக்க விரும்பினார்கள். தரைப்படை அதற்கு ஆள் தர மறுத்தது. மே மாதத்தில் பிரித்தானியர் மடகஸ்கரின் தியேகோ சுவாரஸ் துறைமுகத்தை முந்திச் சென்று பிடித்துக்கொண்டார்கள். கோடு கிழித்த மூவரும் இந்து சமுத்திரத்தில் பெரும் கூட்டுத் தாக்குதல் எதையும் நடத்தவில்லை.


அளுத்மாவத்தை வாசகர்

சுவடி வாசகரோடு ஓரிடத்தில் மாறுபடுகிறேன். 1640ஆம் ஆண்டே அரசனுக்குச் சான்று கிடைத்தது என்கிறீர்கள். உண்மை, ஆனால் சான்று கிடைத்தும் அவனுக்கு வேறு யார் இருந்தார்கள்? கப்பல் உள்ள இருவரில் ஒருவன் பகைவன், மற்றவன் ஒல்லாந்தன். அறிந்தும் வேறு வழியின்றி நடந்தான் என்பதே நேர்மையான விளக்கம் என்று கருதுகிறேன்.

அந்த அனுபவம் கண்டி அரசவையில் மறக்கப்படவில்லை என்பதையும் மாணவருக்குச் சொல்லுங்கள். 1762இல், ஒல்லாந்தரோடு போர் நடந்துகொண்டிருந்தபோது, நாயக்க வம்சத்து மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் சென்னை ஆங்கிலேயரின் உதவியை நாடினான். பைபஸ் என்ற தூதர் கண்டிக்கு வந்து, தம் கம்பனிக்கு என்னென்ன சலுகை வேண்டும் என்று விரிவாகக் கேட்டார். படை உதவி பற்றி உறுதி எதுவும் தரவில்லை. உதவி வரவில்லை. 1766இல் ஒல்லாந்தரோடு செய்த உடன்படிக்கையால் கண்டி தன் கரையோரம் முழுவதையும் இழந்து, கடலைத் தொடாத அரசாயிற்று. 1782இல் திருகோணமலையைப் பிடித்த கையோடு ஆங்கிலேயர் ஹியூ பொயிட் என்பவரைக் கண்டிக்கு அனுப்பி, ஒல்லாந்தருக்கு எதிராகக் கூட்டுச் சேரலாம் என்றபோது, இராஜாதி இராஜசிங்கன் இணங்கவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் நாங்கள் கேட்டபோது நீங்கள் வரவில்லையே என்பது அரசவையின் நிலைப்பாடு. பொயிட் திரும்பிச் செல்லும் வழியில் பிரெஞ்சுக்காரரிடம் சிறைப்பட்டார். அவர் புறப்பட்டு வந்த துறைமுகமும் அந்த ஆண்டுக்குள் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போயிற்று.


வெள்ளவத்தை ஆசிரியை

பொயிட்டின் கதையோடு அடுத்த பாடவேளையைத் தொடங்குகிறேன். கேள்வி கேட்ட மாணவியிடம், மன்னனின் இடத்தில் நீ இருந்தால் 1762இலும் 1782இலும் என்ன செய்திருப்பாய் என்று எழுதி வரச் சொல்லப் போகிறேன். கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் ஒல்லாந்தர் காலத்துப் பதிவேடுகள் இருக்கின்றன. மாணவரை அழைத்துச் சென்று அவற்றில் ஒன்றையாவது கண்ணால் காணச் செய்ய வேண்டும் என்பது என் விருப்பம். பாடசாலைக் குழுவாகச் செல்வதற்கு அனுமதி பெற்ற அனுபவம் உள்ளவர்கள் இங்கே இருந்தால், நடைமுறையை அறியத் தாருங்கள்.